உனக்கு ஒத்துக்கொண்ட விதை

நீ அடுத்த அறையில் இருக்கும்போதே உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் தட்டி நேரிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நாம் இருவரும் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் குரல் உயரும், அப்புறம் உன் அம்மா வந்து நடுவில் நிற்பாள். எழுத்தில் நீ என்னைக் குறுக்கே மறித்துப் பேச முடியாது. அந்த வசதிக்காகத்தான் இது. போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா போன் செய்து, "பிள்ளைக்கு என்னென்ன ஆகாதுன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க, நாங்க இப்பமே அடுக்களைய மாத்திக்கிடுதோம்" என்று கேட்டார்கள். நானும் சொல்லிக்கொண்டே போனேன். பால், தயிர், நெய், முட்டை, மீன், நிலக்கடலை, துவரை, உளுந்து, கடலைப்பருப்பு, பயறு. நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். போனை வைத்ததும், "ஒருத்திக்காக ஒரு வீடே நாக்கைக் கட்டிக்கிட்டுக் கிடக்கணுமாப்பா? வேண்டாம். இந்தக் கல்யாணத்தை நிறுத்திருங்க" என்றாய். அன்றிலிருந்து நீ அந்தப் பேச்சை விடவில்லை. நானும் பத்திரிகை அடிக்கக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்திவிடலாம், பிள்ளை. ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் நான் உன்னை மிரட்டப் போவதில்லை. ஆனால் அதற்கு முன்னால் உன் உடம்பு வளர்ந்த கதையை நான் பார்த்தபடி உனக்குச் சொல்லிவிட வேண்டும். உனக்கு அதில் பாதிதான் தெரியும். மீதிப் பாதியை இத்தனை வருடமாக உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், நீ அதைப் பார்த்துக் கிண்டல் செய்வாய், அவ்வளவுதான்.

நீ தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் நாம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தோம். தொண்ணூறுகளின் கடைசி அது. பெங்களூர் சாலையோரம் கார் கம்பெனி வந்திருந்தது. அதைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. அப்படி ஒன்றின் பிரஸ் ஷாப்பில் எனக்கு இன்ஸ்பெக்டர் வேலை. மெஷின் தகட்டை அச்சில் அடித்துத் தள்ளும், நான் அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, தப்பாக இருந்தால் சிவப்புத் தொட்டி. அளந்து பார்த்தால் எதற்கும் பதில் கிடைத்துவிடும் என்று நம்பிய ஆள் நான். அந்த நம்பிக்கையை நீ சீக்கிரமே உடைத்துவிட்டாய். முதல் வாய் தயிர்ச்சோற்றுக்கு உன் உதடு வீங்கியது. முட்டைக்கு உடம்பெல்லாம் தடித்தது. பருப்புத் தண்ணீருக்கு மூச்சு இழுத்தது. சென்னையில் நாம் பார்த்த குழந்தை மருத்துவர் உன் கையில் சொட்டுச் சொட்டாக வைத்துச் சோதித்துவிட்டு, "ஆகாததை எழுதறதைவிட ஆகறதை எழுதறது சுலபம்" என்றார். உளுந்து இல்லையென்றால் இட்லியும் இல்லை தோசையும் இல்லை. சாம்பார் இல்லை, மோர் இல்லை. கடற்கரைக்காரன் மகளுக்கு மீன் ஆகாது என்று ஊரில் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. உன் கையும் வாயும் படாத இடம் அந்தச் சின்ன வீட்டில் இல்லை. அதனால் உனக்கு ஆகாத எதுவும் வீட்டுக்குள் வருவதையே அம்மா நிறுத்திவிட்டாள். நான் வரக்காப்பிக்குப் பழகினேன், முணுமுணுத்துக்கொண்டேதான்.

வீக்கத்தையும் தடிப்பையும் மருந்து பார்த்துக்கொண்டது. எங்களைத் தின்றது வேறு கவலை. நீ வளரவில்லை. சோறும் கிழங்கும் காய்கறியும் வயிற்றை நிரப்பின, ஆனால் உடம்பில் ஒட்டவில்லை. ஆட்டுக்கறி மட்டும் உனக்கு ஒத்துக்கொண்டது. அதை நீ மென்று மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்புவாய், கொஞ்சினாலும் துப்புவாய், அதட்டினாலும் துப்புவாய். முடி செம்பட்டை பாய்ந்தது. நகம் காகிதம் மாதிரி மடங்கியது. நாம் குடியிருந்த வாடகைக் காம்பவுண்டின் வீட்டுக்காரம்மா உன்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா சார், கொயந்த எளச்சிக்கினே போவுது? ஆஸ்பத்திரில இன்னாதான் சொல்றாங்கோ?" என்பார். புரதம் போதவில்லை, அதுதான் ஆஸ்பத்திரியில் சொன்னது. பாலிலும் பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் இருக்கிற புரதம் உனக்கு வேறு எதிலிருந்து வரும் என்று கேட்டால், தேடுவோம் என்றார் மருத்துவர்.

ஒரு ஆயுத பூஜையன்று கம்பெனியில் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம், வாழைக்கன்று, எல்லோர் கையிலும் ஒரு பொரிப் பொட்டலம். எல்லாப் பிள்ளைகளும் தின்கிறார்கள், நீ என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாய். பொரி அரிசிதானே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் வெள்ளைத் தாளை விரித்து, பொரியைக் கொட்டி, பொட்டுக்கடலையையும் நிலக்கடலையையும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்தேன். கலந்துபோன தகடுகளை நாங்கள் அப்படித்தான் பிரிப்போம். என் ஆட்கள்கூட ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்தார்கள். "சுத்தமா இருக்குது சார், குடுங்க" என்றார்கள். கடலையை எடுத்தோம், கடலையின் தூசியை யாரும் நினைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உன் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன, கம்பெனி ஆம்புலன்ஸில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஊசி போட்டு நீ மறுபடி மூச்சை இழுத்து விட்டபோது எனக்கு உன்மேல் பயம் வந்தது. பயம் என்றால் கோயிலில் வருகிற மாதிரியான பயம். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசியை உன் உடம்பு கண்டுபிடித்திருந்தது. எங்கள் கம்பெனியில் இருந்த எந்தக் கருவிக்கும் அந்தக் கூர்மை கிடையாது.

அதற்கப்புறம்தான் பிஷ்ட் மாமாவும் கமலா அத்தையும் நம் வீட்டை ஒட்டிய வீட்டில் குடிவந்தார்கள். இமயமலை அடிவாரத்திலிருந்து, குமாவோன் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று எங்கள் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். பிள்ளைகள் இல்லை. கமலா அத்தை வீட்டுக்காரம்மாவிடம் தமிழ் கற்றுக்கொண்டதால், பேசினால் பாதி ஹிந்தியாகவும் பாதி மெட்ராஸ் பேச்சாகவும் இருக்கும். வந்த கொஞ்ச நாளிலேயே நீ அவர்கள் வாசற்படியில் குடியேறிவிட்டாய். அம்மா உனக்கு ஆகாததையெல்லாம் கமலா அத்தைக்கு விரல்விட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒரு நாள் முதல் ஷிஃப்ட் முடிந்து நான் வந்து இறங்கினால், அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நிற்கிறாள், உன் வாயெல்லாம் பச்சையும் சாம்பலுமாக ஏதோ அப்பியிருக்கிறது. "உருளக்கெழங்குல என்னத்தையோ தொட்டுக் குடுத்திருக்கா. பிள்ள தட்ட நக்கி வச்சிருக்கு. என்னன்னு கேளுங்க" என்றாள்.

கமலா அத்தை ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து திறந்து காட்டினாள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, சாம்பல் நிறத்தில் விதை. வாணலியில் வறுத்து, பச்சை மிளகாய், புதினா, எலுமிச்சைச் சாறு சேர்த்து அரைத்திருக்கிறாள். பெயர் கேட்டேன். "பாங்" என்றாள். ஹோலிப் பண்டிகைக்குக் கம்பெனி ஹாஸ்டலின் வடக்கத்திப் பையன்கள் பாங் குடித்துவிட்டுக் கிடந்ததைப் பார்த்தவன் நான். "கஞ்சாவா? எம் பிள்ளைக்குக் கஞ்சாவா குடுத்த?" என்று கத்தியதில் காம்பவுண்டே வெளியே வந்துவிட்டது. "அய்ய, இன்னா சார் சொல்ற? நல்ல பொம்பளயாச்சே அது!" என்று வீட்டுக்காரம்மா நெஞ்சில் கை வைத்தார். அந்நேரம் டூட்டி முடிந்து வந்த பிஷ்ட் மாமா, யூனிஃபார்மோடு நிமிர்ந்து நின்று சொன்னார்: "சாப், இலையில நஷா, போதை. பூவுல நஷா. விதையில இல்ல. எங்க ஊர்ல இது சாப்பாடு. குழந்தை சாப்பிடும், கிழவர் சாப்பிடும். நான் பட்டாளத்து ஆள், தப்பு சாமான் வீட்ல வைக்க மாட்டேன்." விதையை ஒன்றுக்கு இரண்டு தடவை சலித்து, இலைத் துணுக்கு, காம்பு ஒன்றில்லாமல் பொறுக்கிவிட்டுத்தான் கமலா அத்தை அடுப்பில் போடுவாள் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. உன்னை எதிரில் உட்காரவைத்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சிரித்தாய், போதை ஏறுகிறது என்றேன். நீ அழுதாய், போதை இறங்குகிறது என்றேன். நீ தூங்கிப் போனதும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப, "அவ தெனமும் இந்நேரம் உறங்குவா. நீங்கதான் இந்நேரம் வீட்ல இருக்கதில்ல" என்றாள் அம்மா. அப்புறம்தான் நாங்கள் பார்க்க வேண்டியதைப் பார்த்தோம். உன் உதடு வீங்கவில்லை. கழுத்தில் தடிப்பு இல்லை. காதுக்குப் பின்னால், முட்டிக்குப் பின்னால், சட்டையைத் தூக்கி முதுகில், எங்கேயும் ஒன்றுமில்லை. ஏதோ ஒரு புது உணவு உனக்குள் போயிருக்கிறது, உன் தோல் அமைதியாகக் கிடக்கிறது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஒரு கைப்பிடி விதையோடு மருத்துவரிடம் போனோம். அவர் அதை மேஜையில் பரப்பிப் பார்த்தார். "இதை நான் சாப்பிட்டதும் இல்லை, யாருக்கும் எழுதிக் கொடுத்ததும் இல்லை. வடக்கே என் கூடப் படிச்சவர் இருக்கார், கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். கேட்டுச் சொன்னார். விதையில் போதை கிடையாது, புரதம் நிறைய, நல்ல கொழுப்பும் உண்டு, மலைக்காரர்கள் காலம் காலமாகச் சாப்பிடுவது. ஆனால் ஒருமுறை ஒத்துக்கொண்டதை நம்பி வீட்டில் கொடுக்கக்கூடாது, எந்த விதையும் எந்த உடம்புக்கும் ஆகாமல் போகலாம், தன் கண் முன்னால்தான் கொடுக்க வேண்டும் என்றார். அதை நீயும் மறக்காதே. நாளைக்கு எவரும் உன்னிடம் ஒரு பண்டத்தை நீட்டி, ஒன்றும் செய்யாது சாப்பிடு என்றால், அவர்கள் மனம் கோணக்கூடாது என்று வாயில் போடாதே. அவர்கள் மனத்தை அப்புறம் சமாதானம் செய்துகொள்ளலாம், மூச்சு அடைத்தால் உனக்கு நேரம் கிடையாது.

உனக்குக் கொடுத்துப் பார்க்க மருத்துவர் குறித்த நாளுக்கு முந்தைய ஞாயிறு, கோயிலுக்குப் போய்வந்து, நானும் அம்மாவும் முதலில் சாப்பிட்டுப் பார்த்தோம். நான் நாலு கரண்டி தின்றேன். அம்மா எதிரில் உட்கார்ந்து, "ஒம்பதாம் வாய்ப்பாடு சொல்லுங்க" என்றாள். ஏழாவது வரியில் தடுமாறினேன். "இது போதையா, இல்ல எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை, எனக்கு அவள்மேல்தான் சந்தேகம் வந்தது. நீ பிறந்து உன் உடம்பின் குணம் தெரிந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

பிரஸ் ஷாப்பில் ஷிஃப்ட் தொடங்கும்போது முதல் பீஸ் என்று ஒன்று உண்டு. மெஷின் அடித்த முதல் தகட்டை நான் அளந்து ஓகே சொல்லும்வரை லைன் ஓடாது. அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்து நிற்பார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அப்படித்தான் நின்றோம். மருத்துவர், ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு நர்ஸ், அம்மா, அரைத்த விதையைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு கமலா அத்தை. மருத்துவர் முதலில் உன் உதட்டில் தடவினார். காத்திருந்தோம். பிறகு நாக்கில் ஒரு துளி. காத்திருந்தோம். பிறகு கரண்டியின் நுனியில். நீ அத்தனை பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாய். பிறகு கிண்ணத்தைக் காட்டி, "இன்னுங் கொஞ்சம்" என்றாய். உனக்கு அப்போது நாலு வயது முடியப்போகிறது. சாப்பாட்டைப் பார்த்து நீ அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் கமலா அத்தை இன்னொன்று செய்தாள். விதையை ஊறவைத்து அம்மியில் அரைத்து, தண்ணீர் விட்டுத் துணியில் பிழிந்து, ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினாள். வெள்ளை வெளேரென்று பால். சாம்பல் நிற விதைக்குள் அந்த வெள்ளை எங்கே இருந்தது என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன். "அவுங்க ஊர்ல காய்கறிக் கொழம்புல ஊத்துறதாம். பாப்பாவுக்கு நான் சும்மா குடுக்கேன்" என்று அம்மா அதை வாங்கி உன் வாயில் வைத்தாள். நீ குடித்துவிட்டு மேலுதட்டில் வெள்ளை மீசையோடு நின்றாய். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் தினமும் அப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறேன், உன்னை அப்படிப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. எங்கேயோ பனி விழுகிற ஒரு மலையில் யாரோ ஒருவர் வயலோரத்தில் விளைந்ததை உதறிப் பையில் கட்டிக் கொடுக்கிறார். அது ரயிலேறி, ஸ்ரீபெரும்புதூர்க் காற்றில் மெஷின் எண்ணெய் மணக்கிற ஒரு காம்பவுண்டுக்கு வருகிறது. இங்கே ஒரு பிள்ளையின் உடம்பு, உலகத்தில் இத்தனை உணவை வேண்டாம் என்று தள்ளிய உடம்பு, அதைக் கைநீட்டி வாங்கிக்கொள்கிறது. கடவுளை நான் புத்தகத்தில் தேடிய ஆள் இல்லை. அந்த டம்ளர் முன்னால் எனக்குக் கும்பிடத் தோன்றியது.

விதை மட்டும்தான் உன்னை வளர்த்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வயதும் ஒரு காரணம், கறியை நீ விழுங்கப் பழகியதும் ஒரு காரணம் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் நான் கண்ணால் கண்டதை என்ன செய்வது? உன் நகம் கெட்டிப்பட்டு வளர்ந்தது. வாராவாரம் வெட்ட வேண்டியிருக்கிறது என்று அம்மா காம்பவுண்டில் அலுத்துக்கொள்கிற மாதிரி பெருமையடித்தாள். முடி கறுத்தது. கவுன் இறுகியது. "கொயந்த தேறிக்கிச்சி சார்! கன்னத்துல சதை பூந்துக்கீது பாரு" என்று வீட்டுக்காரம்மா உன்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கனக்கிறாய் என்று இறக்கிவிட்டார். ஊருக்கு லீவில் போய்வருகிற அவர்கள் பக்கத்து ஆட்கள் எல்லோர் மூட்டையிலும் உனக்கென்று ஒரு பை வந்தது. நீ படித்தாய், ஓடினாய், என்னை எதிர்த்துப் பேசினாய்.

நீ ஐந்தாவது படிக்கும்போது பிஷ்ட் மாமா வேலையை விட்டு மலைக்கே திரும்பினார். அன்று உனக்குப் பரீட்சை. சென்ட்ரலுக்கு நான் மட்டும் வழியனுப்பப் போனேன். உனக்குத் தெரியாத பாதி இதுதான். சாமான்களை ஏற்றி முடித்ததும் மாமா பிளாட்பாரத்துக் கடைக்குப் போய், ஆடை படிந்த பால் டீயாக ஒன்று வாங்கி, நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக் குடித்தார். எனக்கு வியப்பாக இருந்தது. அவர்கள் வீட்டில் எப்போது போனாலும் இஞ்சி தட்டிப் போட்ட வெறும் டீதான் கொடுப்பார்கள், மலைப்பக்கத்து வழக்கம் என்று நினைத்திருந்தேன். கமலா அத்தை சிரித்தாள். "அண்ணா, இவரு ஊர்ல பால் டீ இல்லாம எழுந்துக்கவே மாட்டாரு. பாப்பா நம்ம வூட்டுக்குள்ள வர ஆரமிச்சதுலேர்ந்து பால் வாங்கல, பருப்பு வாங்கல. டூட்டில கூட குடிக்கல. மீசைல ஒட்டும், பாப்பா மீசைய புடிச்சி இழுக்கும்ல." நான் திகைத்துப்போனேன். பெற்றவர்கள் நாங்கள் செய்தோம், சரி. இவர்கள் ஏன்? "ஒரு வார்த்த சொல்லவே இல்லியேம்மா" என்றேன். "இன்னாத்த சொல்றது?" என்றாள் அவள், உண்மையாகவே புரியாமல்.

மாமா இரண்டாவது டீ வாங்கிக்கொண்டு வந்தார். "இனிமே என்ன சாப், பாப்பா இல்லாத வீடு. தினமும் பால் டீதான்" என்று சிரித்தார். சிரித்தவர் டம்ளரை வாயருகே கொண்டுபோய் அப்படியே நின்றார். குடிக்க முடியவில்லை. ரயில் கிளம்புகிற சத்தம் கேட்டது. டம்ளரை என்னிடம் நீட்டினார். எத்தனையோ வருடமாகப் பால் டீயை வாயில் வைக்காதவன் நான், மணம் மூக்கில் ஏறியது. தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். நான் உன்னிடம் திரும்பிப் போக வேண்டியவன். அது அவருக்குப் புரிந்தது. டீயைத் தண்டவாளத்தில் ஊற்றிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறிப்போனார். ஒரு வீடே நாக்கைக் கட்டிக்கொண்டு கிடக்கணுமா என்று கேட்டாயே, பிள்ளை. அன்று அந்தப் பிளாட்பாரத்தில் நான் பரிதாபப்பட்டது, இனிமேல் பால் டீ குடிக்கலாம் என்று ஆகிப்போன அந்த மனுஷனைப் பார்த்துத்தான்.

அடுத்த அறையிலிருந்து,
உன் அப்பா